சாக்கடைக் கதைகளும் ஒண்டி மனிதர்களும்

கொலை, திருட்டு, குடி இவைகளைப் பற்றிய நாவல்களை வாலிபர்கள் கையில் கொடுக்கலாமா என்று ஒரு நண்பர், நல்ல எண்ணத்தோடேயே, நம்மைக் கேட்டார். எந்த நாவல் என்று திருப்பிக் கேட்டோம். அமெரிக்காவில் டேவிட் கூடிஸ் என்பவர் எழுதிய கதைகளைச் சொன்னார். அவை சாக்கடைக் கதைகளாம். அவற்றில் வருகின்றவர்கள் கூலிகளும் குடிகாரர்களும் வீடுவாசல் அற்றவர்களுமே தவிர, யோக்கியமான மனிதன் ஒருவன்கூட இல்லையாம்.

நமக்கும் அக்கதைகளின் பேரில் ஒரு ஆக்ஷேபணை உண்டு. ஆனால் அது வேறு. அதைப் பின்னால் சொல்லுகின்றோம். முதலில் நண்பருக்குச் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கின்றது.

யோக்கியமான துப்பறியும் நாவல் என்று பெரிய மனிதர்கள் ஒப்புக்கொண்ட கதைகளின் யோக்கியதையைத்தான் கொஞ்சம் பார்ப்போமே. ஒரு சீமான் மாளிகையில் பிணம் கிடக்கும். கொலைக்குக் காரணம் பெரும்பாலும் உயில் சொத்தாகவோ வைரமாகவோ இருக்கும். ஒரு அதிபுத்திசாலி வந்து, சுருட்டுச் சாம்பலையும் காலடியையும் பார்த்து, குற்றவாளி இன்னான் என்று விரலை நீட்டுவார். அவனைப் போலீசார் கொண்டுபோன உடனே மாளிகையில் பழையபடி தேநீர் நடக்கும். வேலைக்காரன் என்று ஒருவன் அங்கு உண்டு. கதவு திறப்பதும் தட்டுத் தூக்குவதும்தான் அவனுக்கு வேலை. அவன் எங்கே படுக்கின்றான், என்ன சாப்பிடுகின்றான், அவன் பெண்டு பிள்ளைகள் எந்தச் சந்தில் கிடக்கின்றார்கள் என்று அந்த அதிபுத்திசாலிக்குக் கேட்கத் தோன்றுவதே இல்லை. (கேட்டிருந்தால் அடுத்த கொலைக்கு வேண்டிய காரணம் அங்கேயே கிடைத்திருக்கும்!) உலகம் சரியாகத்தான் நடக்கின்றது, இடையில் ஒரு கெட்டவன் புகுந்து கெடுத்துவிட்டான், அவனைப் பிடித்துவிட்டால் எல்லாம் சரியாய்ப் போகும் என்பதுதானே இக்கதைகள் நமக்குப் புகட்டும் ஞானம்? இது வாலிபர்களைக் கெடுக்காதா என்று கேட்கின்றோம்.

நிற்க, கூடிஸ் என்பவர் 1917-ல் பிலடெல்பியா நகரத்தில் பிறந்து, 1967-ல் அங்கேயே இறந்தவர். 1946-ல் வெளியான அவருடைய ‘டார்க் பாசேஜ்’ அடுத்த வருஷமே சினிமாவாயிற்று. ஹாலிவுட்டில் சம்பளம் வாங்கிக் கொண்டிருந்தவர், 1950-ல் தாய் தகப்பன் வீட்டுக்கே திரும்பிவந்து, 25 சென்ட் விலையில் விற்கும் காகித அட்டைப் புத்தகங்களை எழுத ஆரம்பித்தார். மூட்டை தூக்கிப் பிழைத்தவர் அல்லர். ஆனாலும் மூட்டை தூக்குகின்றவனைக் கதையின் நடுவில் உட்கார வைத்தார்.

1956-ல் வந்த ‘டௌன் தேர்’ என்ற கதையைப் பாருங்கள். துறைமுகப் பக்கம் கூலிகள் குடிக்கும் ஒரு சாராயக் கடையில் எட்டி என்பவன் பியானோ வாசிக்கின்றான். யாரோடும் பேச மாட்டான். எதிலும் தலையிட மாட்டான். ஒரு காலத்தில் நியூயார்க்கின் பெரிய சங்கீத மண்டபத்தில் கனவான்கள் கைதட்ட வாசித்தவன் அவன். அந்த மண்டபத்தின் வாசல் எப்படித் திறந்தது என்றால், கச்சேரி நடத்தும் முதலாளிக்கு அவன் மனைவி தன்னையே விலையாகக் கொடுத்ததனால் திறந்தது. அதை அவள் அவனிடம் சொல்லி அழுகின்றாள். அவன் எழுந்து வெளியே போகின்றான். அவள் உயிரை விடுகின்றாள். அது முதல் அவன் ஊமைபோல் ஆகிவிட்டான். இதில் குற்றவாளி யார்? எட்டியா? அந்தப் பெண்ணா? முதலாளியின் பேரில் எந்தச் சட்டப்படி வழக்குப் போடுவது? எந்தத் துப்பறிகின்றவர் வந்து எந்தச் சாம்பலைப் பார்த்து இதைக் கண்டுபிடிப்பார்? இந்தக் கேள்வியை வாசிக்கின்றவன் மனதில் போட்டுவிட்டுப் போகும் கதையைச் சாக்கடை என்று சொன்னால், மாளிகைகளின் கழிவெல்லாம் அந்தச் சாக்கடைக்குத்தானே வந்து சேருகின்றது என்று சொல்ல வேண்டியிருக்கின்றது.

பிரெஞ்சுக்காரர்கள் இதை முன்னமேயே அறிந்துகொண்டார்கள். திரூபோ என்பவர் 1960-ல் அதே கதையைப் பாரிஸ் பட்டணத்தில் நடப்பதாக மாற்றிப் படம் பிடித்தார். சொந்த தேசத்தார் அவருடைய நாவல்களில் ஐந்தைப் பெரிய ஆசிரியர்களின் வரிசையில் சேர்த்துக் கெட்டி அட்டை போட்டது 2012-ல்தான். ஆள் இறந்து 45 வருஷங்கள் கழித்து வந்த மரியாதை!

இனி நமது ஆக்ஷேபணைக்கு வருவோம். இக்கதைகளில் கடவுளைக் காணோம். பாதிரியும் வந்து பாவமன்னிப்புக் கொடுப்பதில்லை. ஆனால் விதி மாத்திரம் ஜம்மென்று உட்கார்ந்திருக்கின்றது. எட்டி மேலே ஏறினான், விழுந்தான், அவனை நேசித்த இன்னொரு பெண்ணும் சுடப்பட்டுச் சாகின்றாள், மறுபடியும் அதே சாராயக் கடைக்கு வந்து அதே பியானோ முன் உட்காருகின்றான். ‘ஸ்ட்ரீட் ஆப் நோ ரிட்டர்ன்’ கதையில் குரல் போன பாடகனும் ஒரு இரவு முழுதும் சண்டையிட்டுவிட்டு, பழைய குடிகாரர்களிடமே திரும்புகின்றான். 1953-ல் வந்த ‘மூன் இன் த கட்டர்’ கதையில் கெரிகன் என்னும் துறைமுகக் கூலி, கெடுக்கப்பட்டுச் செத்துப்போன தன் தங்கைக்காகப் பழிவாங்க அலைகின்றான். பணக்காரத் தெருப் பெண் ஒருத்தி அவனை விரும்பியும், தனக்கு விதித்தது வெர்னன் தெருதான் என்று அங்கேயே தங்கிவிடுகின்றான். தலையெழுத்து என்று நம் பாட்டி சொன்னால் சிரிக்கின்ற நாம், அதையே ஒரு அமெரிக்க ஆசிரியர் அழகாக எழுதிவிட்டால் ஆஹா என்று தலையாட்டலாமா?

கெரிகன் ஒண்டியாக நிற்பது அந்தத் துறைமுகத்தின் சுபாவம் என்றே வாசிக்கின்றவன் நினைத்துக் கொள்ளுவான். சரித்திரம் அப்படி இல்லை. அதே பிலடெல்பியாத் துறைமுகத்தில் 1913-ம் வருஷம் மே மாதத்தில் சுமார் 4000 கூலிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதுவரையில் கறுப்பரை வெள்ளையருக்கு எதிராகவும், ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு பாஷைக்காரரை மற்றொரு பாஷைக்காரருக்கு எதிராகவும் ஏவிவிட்டே கப்பல் முதலாளிகள் கூலியைக் குறைத்து வந்தார்கள். வேலைநிறுத்தத்தின்போது இவர்கள் எல்லோரும் ஐ. டபிள்யூ. டபிள்யூ. என்னும் தொழிலாளர் ஸ்தாபனத்தின் எட்டாம் நம்பர் கிளையாக ஒன்று கூடினார்கள். இரண்டு வாரத்தில் முதலாளிகள் இறங்கி வந்தார்கள். அதற்குப் பிறகு ஏறக்குறைய ஒன்பது வருஷம் அந்தத் துறைமுகத்தில் அச்சங்கத்தின் கை ஓங்கி நின்றது.

அவர்களை நடத்தியவர்களில் முக்கியமானவர் பென் பிளெட்சர் என்னும் கறுப்பர்; அதே ஊரில் 1890-ல் பிறந்தவர். யுத்தத்துக்கு வேண்டிய சரக்குகளை அச்சங்கத்தார் கப்பலேற்றிக் கொண்டிருந்த காலத்திலேயே, யுத்தத்துக்கு விரோதி என்று மற்றத் தலைவர்களோடு இவரையும் பிடித்து, 1918-ல் பத்து வருஷத் தண்டனை கொடுத்தார்கள். 1922-ல்தான் வெளியே வந்தார். அதே வருஷத்தில் முதலாளிகள் கதவடைப்புச் செய்து சங்கத்தை உடைத்தார்கள்.

ஆகவே கெரிகனை ஒண்டியாக்கினது விதியும் அல்ல, வெர்னன் தெருவும் அல்ல. அவனுக்கு முந்திய தலைமுறையிடத்தில் இருந்த ஒன்றை ஆட்கள் சேர்ந்து, தேதி குறித்து உடைத்திருக்கின்றார்கள். கொலை நடந்தது, பிணமும் கிடந்தது. ஆனால் கூடிஸ் அதைத் துப்பறியவில்லை.

நண்பருக்கு நாம் அந்தப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்தபோது, வாலிபர்களுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம், ஆனால் பிளெட்சரைப் பற்றியும் சேர்த்துச் சொல்லுங்கள் என்றோம். பிளெட்சர் 1949-ல் இறந்தார். கெரிகன் அச்சில் வந்தது அதற்கு நான்கு வருஷம் பின்னால்.