ஆண்டுக்கொரு சட்டை

சில நாட்களுக்கு முன்னர் யாழ்ப்பாணத்துத் துணிக்கடை ஒன்றில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியோடு இவ்வாரச் சிந்தனையைத் தொடங்க விரும்புகின்றேன். என் மகனுக்குச் சட்டை வாங்குவதற்காக அவனையும் அழைத்துச் சென்றிருந்தேன். அருகிலே முதிய அம்மையார் ஒருவர் இரண்டு சட்டைகளைக் கையில் ஏந்தியவாறு, ஒன்றை எடுப்பதும் மற்றதை வைப்பதுமாக நெடுநேரம் நின்றுகொண்டிருந்தார். ஈற்றில் என் மகனை நோக்கி, “தம்பி, ஒருக்கா இஞ்சாலை திரும்பி நில்லுங்கோ ராசா” என்று கேட்டு, சட்டையை அவன் முதுகிலே வைத்து அளந்து பார்த்தார்.

அவருடைய மகன் பதினெட்டு வயதிலே கடல் கடந்து சென்றவன். ஐந்து ஆண்டுகள் கடந்தும் இன்னும் ஊர் திரும்பவில்லை. “நாள்தோறும் போனிலை முகத்தைப் பாக்கிறன். ஆனால் தோள் எவ்வளவு அகண்டிருக்குது எண்டு எனக்குத் தெரியேல்லை” என்று அவ்வம்மையார் சொன்னபோது கடைக்காரர் கூட ஒரு கணம் பேசாது நின்றார்.

மகனுடைய முகம் தெரிகிறது. அவனுடைய சட்டையின் அளவு தெரியவில்லை. நம் நாட்டில் எத்தனை தாய்மாரின் மனத்துயரம் இந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கின்றது! வீட்டுக்கு வரும்வழியெல்லாம், இதே துன்பத்தை ஏறக்குறைய மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் அனுபவித்த ஓர் அன்னையின் நினைவே எனக்கு வந்துகொண்டிருந்தது.

பழைய ஏற்பாட்டிலே வரும் அன்னாளின் வரலாற்றை ஞாயிறு பள்ளிக்குச் சென்ற சிறுவரும் அறிவர். பிள்ளைப்பேறின்றி வருந்தியவள் அவள். சக்களத்தியின் ஏளனத்தால் உணவையும் வெறுத்தாள். சீலோவிலிருந்த ஆலயத்தில் உதடு மாத்திரம் அசைய அவள் அழுது வேண்டியபோது, குருவாகிய ஏலியும் அவளை மதுவெறியில் இருப்பவள் என்றே தவறாக எண்ணினார். அத்துணைத் துன்பத்தின் பின் பெற்ற பிள்ளையாகிய சாமுவேலை, பால் மறந்ததும் தன் பொருத்தனையின்படி ஆலயத்திற் கொண்டுபோய் விட்டாள்.

இவ்வளவையும் நாம் பிரசங்கங்களிற் பலமுறை கேட்டிருக்கின்றோம். ஆனால் அதன்பின் வரும் ஒரு சிறு குறிப்பை விரைந்து கடந்து போய்விடுகின்றோம். அவ்வன்னை ஆண்டுதோறும் ஒரு சிறிய சட்டையைத் தைத்து, பலி செலுத்தக் கணவனோடு செல்லும்போது அதை மகனுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள் என்பதே அக்குறிப்பு.

ஆண்டில் ஒருமுறை மாத்திரமே காணும் பிள்ளைக்கு எவ்வாறு அளவெடுத்தாள்? அயல்வீட்டுப் பிள்ளையை நிறுத்தி அளந்திருப்பாளோ? சென்ற ஆண்டுச் சட்டையை நினைவிற் கொண்டு, இரண்டு விரற்கிடை கூட்டித் தைத்திருப்பாளோ? வேதாகமம் அதைக் கூறவில்லை. ஆயினும் ஒன்று தெளிவு. பிள்ளையை இறைவனிடம் ஒப்படைத்தவள், தன் கையைக் கழுவிக்கொண்டு இருந்துவிடவில்லை. அவளுடைய ஊசியும் நூலும் ஓயவே இல்லை.

மற்றொன்றையும் நாம் கவனித்தல் வேண்டும். அவள் பிள்ளையைக் கொண்டுபோய் விட்ட இடம் குற்றமற்ற இடமன்று. ஏலியின் புதல்வர் இருவரும் ஆலயத்துப் பலியையே அவமதித்த துன்மார்க்கர். தம் சொந்தப் பிள்ளைகளை அடக்க மாட்டாத ஒரு முதியவரின் நிழலிலேதான் சாமுவேல் வளர வேண்டியிருந்தது. அன்னாள் ஏலியின் வளர்ப்புத் திறமையை நம்பியிருந்தால் அவளுக்கு நித்திரையே வந்திராது. ஏலிக்கும் மேலான ஒருவரிடமே அவள் பிள்ளையை ஒப்படைத்தாள். விடுதியிலும் பல்கலைக்கழகத்திலும் அந்நிய நகரங்களிலும் பிள்ளைகளை விட்டுவிட்டு, “அங்கே கூடாத சேர்க்கை இருக்குமோ?” என்று கலங்கும் பெற்றோர் இதைச் சிந்திப்பாராக. கூடாத சேர்க்கை சீலோவிலும் இருந்தது. சாமுவேல் சாமுவேலாகவே வளர்ந்தான்.

இனி, நம்முடைய மண்ணுக்கே வருவோம். 1819 ஆம் ஆண்டு ஜூன் 8 ஆம் திகதி பொஸ்டன் துறைமுகத்திலிருந்து ‘இண்டஸ்’ என்னும் கப்பலில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த சில இளந்தம்பதிகள் யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்டனர். அவர்களுள் ஜோன் ஸ்கடர் என்னும் வைத்தியரும் அவர் மனைவி ஹரியற்றும் இருந்தனர். மைரன் வின்ஸ்லோவும் அவர் மனைவியும் இருந்தனர். வின்ஸ்லோவின் மனைவியின் பெயரும் ஹரியற் என்பதே. ஒரே கப்பலில் ஒரே பெயரோடு வந்த இவ்விரு பெண்களின் வாழ்க்கையை அருகருகே வைத்து நோக்கினால், இன்றைய நம் பொருள் நன்கு விளங்கும்.

ஸ்கடர் தம்பதியரின் தலைப்பிள்ளை, அவர்கள் யாழ்ப்பாணத்தை அடையுமுன்பே, வழியிற் கல்கத்தாவில் இறந்தது. வந்த பின்னரும் மழலைகளின் மரணம் அவ்வீட்டை விட்டு நீங்கவில்லை. ஆயினும் டாக்டர் ஸ்கடர் பண்டத்தரிப்பில் இருந்து வைத்தியப் பணியை நடத்தினார். பின்பு பிறந்த பிள்ளைகள் தப்பி வளர்ந்தனர். வளர்ந்த பிள்ளைகளை, அக்கால மிஷன் குடும்பங்களின் வழக்கப்படி, கல்விக்காகவும் இந்நாட்டு நோய்களுக்கு அஞ்சியும் அமெரிக்காவுக்கு அனுப்பவேண்டி வந்தது. அந்நாளிற் கடற்பயணம் நான்கு, ஐந்து மாதங்கள். ஒரு கடிதம் எழுதி மறுமொழி பெறுவதற்குள் ஏறத்தாழ ஓர் ஆண்டே கழிந்துவிடும். “மகனுக்குக் காய்ச்சல்” என்ற செய்தி தாயின் கைக்குக் கிடைக்கும்போது, அவன் சுகமடைந்து ஓடி விளையாடிக்கொண்டிருக்கலாம். மண்ணுக்குள் உறங்கிக்கொண்டும் இருக்கலாம்.

அத்தாய் என்ன செய்தார்? ஒவ்வொரு பிள்ளையின் பிறந்தநாளிலும் அப்பிள்ளைக்காகச் செபம் செய்வதிலே அந்நாளைச் செலவிடுவது அவர் வழக்கம் என்று அக்குடும்பத்தின் வரலாறு கூறும். அன்னாள் ஆண்டுக்கொரு சட்டை தைத்தாள். இவர் ஆண்டுக்கொரு நாளைத் தைத்தார் என்றே எனக்குத் தோன்றுகின்றது.

அவருடைய புதல்வருள் எழுவர் மிஷன் பணிக்காக மீண்டும் கீழ்த்திசை வந்தனர். பண்டத்தரிப்பிற் பிறந்த மூத்தவராகிய ஹென்றி மாற்றின் முதலாய சகோதரர் தமிழகத்தில் ஆற்காட்டு மிஷனை நிறுவினர். 1835 இல் சாவகச்சேரியிற் பிறந்த இளைய ஜோனின் மகளே டாக்டர் ஐடா ஸ்கடர். 1900 இல் வேலூரில் அவர் சிறிய அளவிலே தொடங்கிய வைத்தியப் பணியே, இன்று நம்மவர் பலரும் கடல் கடந்து நாடிச் செல்லும் பெரும் வைத்தியசாலையாக விளங்குகின்றது.

ஆனால் அத்தாய் இவையெல்லாவற்றையும் கண்டு களித்தாரா? இல்லை. 1849 இல் அவர் சென்னையிற் காலமானபோது மூத்த புதல்வர் இருவரே பணிக்குத் திரும்பியிருந்தனர். மற்றையோர் வந்ததை அவர் காணவில்லை. சாமுவேல் என்று பெயரிட்ட ஒரு மகனோ, இறையியல் மாணவனாக இருந்தபோதே மரித்தான்.

இனி மற்றைய ஹரியற்றைப் பார்ப்போம். உடுவிலில் 1824 இல் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலை தோன்றக் காரணராயிருந்தவர் இவரே. பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று ஊர் கேட்ட காலம் அது. மாரிகாலத்தில் ஒருநாள் மழையில் அகப்பட்டு வீடு திரும்ப இயலாத இரு சிறுமியர், மிஷன் வீட்டிலே உண்டு உறங்கிய இரவே அவ்விடுதிக்கு வித்தாயிற்று என்பர். பிறர் வீட்டு நீரையும் அருந்தாத அந்நாளிலே தம் மகளை அங்கே விட்டுச் சென்ற யாழ்ப்பாணத்துப் பெற்றோரின் நெஞ்சம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

ஊரார் பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாகக் காத்த அந்த அம்மையார், தம் சொந்த மகன் சார்ள்ஸைக் கல்விக்காக அமெரிக்காவுக்கு அனுப்பினார். அங்கே 1832 இல், பதினொரு வயதளவில், அவன் இறந்துபோனான். அடுத்த ஆண்டு ஜனவரி மாதத்திலே தாயும் உடுவிலிற் கண்மூடினார். அப்போது அவருக்கு வயது முப்பத்தாறு.

இரண்டு தாய்மாரும் ஒரே கப்பலில் வந்தவர்கள். ஒரே தேவனை வேண்டியவர்கள். ஒருத்தியின் வீட்டிலிருந்து எழுவர் எழுந்தனர். மற்றையவளின் மைந்தன் அந்நிய மண்ணில் அடங்கினான். இவளுடைய செபம் குறைந்ததென்று கூறத் துணிவார் யார்? ஆகவே, பிள்ளைகளை இறைவனிடம் ஒப்படைத்தல் என்பதை ஒரு கொடுக்கல் வாங்கலாக நாம் எண்ணலாகாது. “நான் இத்தனை நாள் உபவாசம் இருந்தேன், ஆகையால் என் மகன் சோதனையிற் சித்தியடைய வேண்டும், நோயின்றி இருக்க வேண்டும்” என்று கணக்கு வைப்பவர், கணக்குப் பிழைக்கும் நாளில் தம் விசுவாசத்தையும் இழந்துவிடுவார். பிள்ளை நமக்குச் சொந்தமானவன் அல்லன், இரவலாகத் தரப்பட்டவன் என்பதை வாயாற் சொல்வது எளிது. துன்பம் வரும்போதுதான் அதை உள்ளம் கற்றுக்கொள்கின்றது.

அவ்வாறாயின் துன்பத்தினால் ஆன்மா வளர்வது எங்ஙனம்? உபத்திரவம் பொறுமையையும், பொறுமை தேர்ச்சியையும், தேர்ச்சி நம்பிக்கையையும் பிறப்பிக்கும் என்ற கருத்தைப் பவுலடிகள் உரோமருக்கு எழுதிய நிருபத்திற் காணலாம். இதற்கு நம் கண்முன்னே ஓர் உவமை உண்டு. பாத்தியிற் பனங்கொட்டையைப் புதைத்தால் என்ன நிகழ்கின்றது? முதலில் மேலே ஒன்றும் தோன்றுவதில்லை. முளை கீழ்நோக்கியே இறங்குகின்றது. மாதக்கணக்காக மண்ணுக்குள் கிழங்கு திரண்ட பின்னரே குருத்து வெளிப்படுகின்றது. அதன்பின்பும் அது மரமாகிக் காய்ப்பதற்கு ஒரு தலைமுறைக் காலம் செல்லும். பொறுமையற்றுக் கிளறிப் பார்ப்பவனுக்குக் கிழங்கு கிடைக்கும், மரம் கிடைக்காது. துன்ப காலத்தில் நம் வளர்ச்சியும் இவ்வாறே கீழ்நோக்கியது. பிறர் கண்ணுக்கு நாம் குன்றிவிட்டதாகவே தோன்றும்.

எல்லாத் துன்பமும் எல்லாரையும் வளர்த்துவிடும் என்றும் நான் கூறவில்லை. அதே துன்பத்தால் மனங்கசந்து போனவர்களையும் நாம் அறிவோம். போரிலே பிள்ளைகளை இழந்த தாய்மார் வாழும் நாடு இது. அவர்களுக்கு முன்னே நின்று, “இது உங்கள் நன்மைக்கே” என்று உபதேசிப்பதற்கு எவருக்கும் உரிமையில்லை. அவர்களருகே மௌனமாக அமர்ந்திருப்பதே அவ்வேளையில் நாம் செய்யத்தக்க கிறிஸ்தவக் கடமை. அழுது வேண்டிய அன்னாளைத் தவறாக எண்ணிய ஏலியும் பின்னர் திருந்தி, அவளை ஆசீர்வதித்தே அனுப்பினார் அன்றோ?

பெற்றோருக்கு ஒரு சொல்: ஒப்படைத்தலும் கைவிடுதலும் வெவ்வேறானவை. தேவன் பார்த்துக்கொள்வார் என்று கூறிவிட்டுப் பிள்ளையிடம் விசாரியாது இருப்பது பக்தியன்று, சோம்பலே. பிள்ளையின் ஒவ்வோர் அசைவையும் கண்காணித்து, நாள் முழுதும் அவனைத் துரத்துவதோ அன்புமன்று, அச்சமே. நம்மால் தைக்கக்கூடிய சட்டையைத் தைப்போம். அதை அணிந்து நடப்பவனின் பாதையை இறைவனிடம் விடுவோம்.

மாணவ மாணவியர்க்கும் ஒரு சொல்: உங்களுக்காக ஒருத்தி எங்கோ இருந்து அளவறியாமல் தைத்துக்கொண்டிருக்கின்றாள். இவ்வாரம் அவளுடன் பேசும்போது, உங்கள் சட்டையின் அளவையும் கூறுங்கள்.

துணிக்கடையில் அந்த அம்மையார் ஈற்றில் எதை வாங்கினார் என்று கூற மறந்துவிட்டேன். என் மகனுக்குப் பொருந்தியதைவிட ஓர் அளவு பெரிய சட்டையையே எடுத்தார். “பெரிசாப் போச்சுதெண்டாலும் பரவாயில்லை. அவன் வளருவான்தானே!” என்றார். பணத்தைக் கொடுத்துவிட்டு, அதை மடித்து மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே சென்றார்.