விருந்தினருக்காக வீட்டாரை விரட்டுவதா?

வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் திருமலை நாயக்கர் 1645-ஆம் ஆண்டளவில் வெட்டுவித்தது. மகால் கட்டச் செங்கல்லுக்கு மண் எடுத்த பள்ளமே குளமாயிற்று என்பது மதுரையில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. நெடுங்காலம் நீரின்றி, சிறுவர்கள் கிரிக்கெட் ஆடும் திடலாகக் கிடந்த அக்குளத்தில் அண்மைய ஆண்டுகளில் வைகை நீர் வந்து நிறைந்திருக்கிறது. மாலையானால் குடும்பம் குடும்பமாக மக்கள் வந்து சுற்றுச்சுவரில் அமர்கிறார்கள். அவர்களை நம்பிச் சுண்டல் விற்பவரும், பருத்திப்பால் விற்பவரும், பலூன் விற்பவரும் பிழைக்கிறார்கள். அருகிலுள்ள வண்டியூர்க் கண்மாய்க்கும் நடைபாதை, பூங்கா, படகுத்துறை என்று அழகூட்டும் திட்டம் வகுக்கப்பட்டது. நீர்நிலைகள் பேணப்படுவதை நாம் வரவேற்கிறோம். ஆயினும், ‘சுற்றுலாத் தலம்’ என்ற சொல் காதில் விழும்போதெல்லாம் நம் நெஞ்சில் ஓர் ஐயம் எழுகிறது. அவ்வையம் மதுரையில் பிறந்ததன்று. சென்னைக் கடற்கரையில் பிறந்தது. அங்கே நடந்ததை அறியாமல், இங்கே நடக்கப்போவதை எடைபோட இயலாது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். நாம் விருந்தினரை வெறுப்பவர்கள் அல்லர். விருந்தினரைக் கண்ணியப்படுத்துவதை ஈமானோடு இணைத்துச் சொன்ன நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்துக்கு அது எவ்வாறு இயலும்? காயல்பட்டினமும் கீழக்கரையும் நாகூரும் கடல்வழி வந்தவர்களை வரவேற்றே வளர்ந்த ஊர்கள். வேற்று நாட்டார் வரவு நமக்குப் புதுமையன்று, அச்சமுமன்று.

நம் மதுரைக்கே 1340-களில் உலகப் பெரும் பயணி ஒருவர் வந்தார். அவர்தாம் இப்னு பதூதா. அன்று மதுரையை ஆண்ட சுல்தான் கியாதுத்தீன் தாமகானி அவருக்கு உறவினர். இருவரும் சகோதரிகளை மணந்தவர்கள். சுல்தான் அவரை வரவேற்று உபசரித்தார். ஆயினும் அப்பயணி என்ன எழுதி வைத்தார்? சிறைப்பட்ட ஆண்களையும் பெண்களையும் குழந்தைகளையும் சுல்தான் கொடுமையாகக் கொன்றதை எழுதினார். அதை வெறுத்ததையும் எழுதினார். மதுரையில் கொள்ளைநோயால் மக்கள் மடிந்ததையும் மறைக்கவில்லை. உபசரித்தவரின் உப்பைத் தின்றும் உண்மையை உரைத்தார். விருந்தினர் என்றால் அவரல்லவா விருந்தினர்! வீட்டின் முன்கூடத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர் அல்லர் அவர்.

இன்றைய சுற்றுலாத் திட்டங்கள் விரும்புவது அத்தகைய விருந்தினரையன்று. முன்கூடத்தை மட்டும் பார்த்து, பணத்தைக் கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு போகிறவரையே அவை விரும்புகின்றன. அவர் கண்ணில் படக்கூடாதென்று வீட்டாரையே கொல்லைப்புறத்துக்குத் துரத்தவும் அவை தயங்குவதில்லை. இதைத்தான் நாம் எதிர்க்கிறோம்.

மணலின் உரிமையாளர் யார்?

ஆங்கிலேயர் 1639-இல் சென்னைக் கரையில் இடம் பெற்றபோது அங்கே கட்டுமரங்கள் இருந்தன, வலைகள் உலர்ந்துகொண்டிருந்தன. கவர்னர் கிராண்ட் டஃப் 1880-களில் உலாவும் சாலை அமைத்து, இத்தாலிய நினைவில் ‘மெரினா’ என்று பெயர் சூட்டியபோதும் மீனவர் குப்பங்கள் இருந்தன. பெயர் வைத்தவர் போய்விட்டார். பெயர் வைக்கும் முன்பே இருந்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நொச்சிக்குப்பத்தில் விடியற்காலையில் கரையேறும் மீன் அவர்கள் உழைப்பு. அவர்களை ‘ஆக்கிரமிப்பாளர்’ என்று அழைப்பது எத்தகைய நீதி?

இந்தக் கேள்வியை நாம் எழுப்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதே மெரினாவின் எதிரில், 1768-இல் நவாப் வாலாஜா முகம்மது அலி எழுப்பிய சேப்பாக்கம் அரண்மனை நிற்கிறது. 1855-இல் நவாப் குலாம் கவுஸ் கான் வாரிசின்றி மறைந்ததும், கும்பெனியார் பட்டத்தை ஒழித்தனர். அரண்மனையும் ஏலத்துக்கு வந்து அரசின் கைக்குப் போயிற்று. கடற்கரைக்கு வரும் வெளிநாட்டவருள் எத்தனை பேருக்கு அக்கட்டடத்தின் கதை சொல்லப்படுகிறது? திருவல்லிக்கேணியில் 1795 முதல் தொழுகை நடந்துவரும் வாலாஜா பெரிய பள்ளிவாசலுக்கு எத்தனை பேர் அழைத்துச் செல்லப்படுகிறார்கள்? மெரினாக் கரையில் ஏலம் போடுவதும் வெளியேற்றுவதும் எவ்வாறு நடக்கும் என்பதை நம் சமுதாயம் நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்பே கண்டுவிட்டது. அரண்மனை இழந்தவர்களின் கதையைச் சொல்லி வருந்தும் நாம், குடிசை இழப்பவர்களைக் கண்டு வாளாவிருப்பது அழகன்று.

நாற்பது ஆண்டுகளின் கணக்கு

1985-ஆம் ஆண்டு ஜூலையில், பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு பெரும் கருத்தை உரைத்தது. உயிர் வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்பதே அது. அதே ஆண்டு முடிவதற்குள் சென்னையில் நடந்தது என்ன? மெரினாவை அழகுபடுத்த வேண்டுமென்று, மணலில் கிடந்த கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்ற அரசு முற்பட்டது. மீனவர் எதிர்த்தனர். போலீசார் சுட்டனர். மீனவர் உயிர்கள் பலியாயின. கட்டுமரம் அழகில்லையாம்! அதை ஓவியமாக வரைந்து ஓட்டல் சுவரில் மாட்டினால் மட்டும் அழகாம்!

2003-இல் மலேசிய அரசு சார்ந்த நிறுவனம் ஒன்றின் துணையோடு இக்கரையைப் பெரிய கட்டடங்களின் வரிசையாக மாற்றும் திட்டம் பேசப்பட்டது. எதிர்ப்பு எழுந்தபின் கைவிடப்பட்டது. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தது. துயருற்ற மீனவக் குடும்பங்களுள் பலவற்றுக்குச் செம்மஞ்சேரியில் வீடு கிடைத்தது. வீடு கிடைத்தது உண்மை, கடல் கிடைக்கவில்லை. நள்ளிரவில் அலையின் போக்கைப் பார்த்துப் படகிறக்க வேண்டியவன், இருபது கிலோமீட்டருக்கு அப்பால் படுத்துறங்கினால் எப்படித் தொழில் செய்வான்?

இது சென்னைக்கு மட்டும் நேர்ந்ததன்று. அதே பேரலைக்குப் பின் இலங்கையிலும் கரையோரத்தில் வீடு கட்டத் தடைவிதித்து ஓர் எல்லை வகுக்கப்பட்டது. ஓட்டல்களுக்கு மட்டும் விலக்களிக்கப்பட்டது. அங்கே பொத்துவில், அறுகம்பே பகுதியில் வாழும் நம் தமிழ் பேசும் முஸ்லிம் மீனவர்கள் கேட்ட கேள்வியும் இதுவே: எங்களை விழுங்கும் அலை, ஓட்டலை விழுங்காதா?

2023 ஏப்ரலில், நொச்சிக்குப்பத்தை ஊடறுத்துச் செல்லும் லூப் சாலையோரத்து மீன்கடைகள் போக்குவரத்துக்கு இடையூறு என்று, நீதிமன்ற ஆணையின்பேரில் அகற்றப்பட்டன. மீனவப் பெண்கள் சாலையில் அமர்ந்து போராடினர். 2024 ஆகஸ்டில் அவர்களுக்காக 360-க்கும் மேற்பட்ட கடைகள் கொண்ட மீன் அங்காடி திறக்கப்பட்டது. அதை நாம் குறை சொல்லவில்லை. அரசு செய்த நன்மையை நன்மையென்றே சொல்வோம். ஆனால் ஒன்றைக் கேட்கிறோம். சாலை குப்பத்துக்குள் வந்ததா, குப்பம் சாலைக்குள் வந்ததா?

சட்டமும் மெல்ல மெல்ல இளகி வருகிறது. 1991-இல் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை வந்தபோது, ஊர்ப்புறக் கரைகளில் அலையெல்லையிலிருந்து 200 மீட்டர் வரை புதிய கட்டடங்களுக்கு இடமில்லை என்றிருந்தது. 2019 ஜனவரியில் வெளியான அறிவிக்கை, மக்கள் நெருக்கம் மிகுந்த ஊர்ப்புறங்களில் அதை 50 மீட்டராகச் சுருக்கியது. கடற்கரைகளில் சுற்றுலாவுக்கான தற்காலிகக் கொட்டகைகளுக்கும் வழிவிட்டது. மீனவனின் கொட்டகை ஆக்கிரமிப்பு. சுற்றுலாக் கொட்டகை வளர்ச்சி!

வெளிநாட்டவர் என்றால் யார்?

“அந்நியச் செலாவணி வேண்டாமா? வேலைவாய்ப்பு வேண்டாமா?” என்று கேட்பார்கள். வேண்டும். சுற்றுலாவால் பிழைக்கும் ஆட்டோ ஓட்டுநரும், விடுதிப் பணியாளரும், கைவினைஞரும் நம் மக்களே. 2019-இல் தமிழ்நாட்டுக்கு வெளிநாட்டவர் வருகை 68 லட்சத்தைத் தாண்டியது. இந்திய மாநிலங்களுள் அதுவே முதலிடம். ஆனால் அவர்களுள் பெரும்பாலோர் கடற்கரையில் குளிர்காய வந்தவர்கள் என்று எண்ணுவது அறியாமை. அவ்வாண்டு இந்தியாவுக்கு மிகுதியாக வந்தவர்கள் வங்காளதேசத்தினரே. சென்னைக்கும் வேலூருக்கும் அவர்களுள் பலர் எதற்காக வந்தார்கள்? நோயுற்ற தாயை, தந்தையை, குழந்தையை மருத்துவரிடம் காட்ட வந்தார்கள். மருத்துவமனைக்கு அருகே மலிவான அறையையும், தங்கள் மொழி புரியும் ஓர் ஆளையும், வாய்க்குப் பிடித்த சோற்றையும் தேடினார்கள். தரகரிடம் ஏமாறாமல் அவர்களைக் காப்பதற்கு என்ன திட்டம் உண்டு? 2025-இல் மெரினா மணலில் மூங்கில் குடைகளும் சாய்வு இருக்கைகளும் நடப்பட்டன. மருத்துவமனை வாசலில் வெயிலில் காத்திருக்கும் வெளிநாட்டவருக்குக் குடை பிடிக்க யாருக்கும் தோன்றவில்லை. விருந்தினரிலும் தோல் நிறம் பார்த்துத் தரம் பிரிக்கும் பழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

மேலை நாடுகளும் இன்று விழித்துக்கொண்டன. வெனிஸ் நகரம் 2024 ஏப்ரல் முதல், குறித்த நாட்களில் ஒருநாள் பயணிகளிடம் நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. பயணிகளுக்கு விடும் வாடகைக் குடியிருப்புகளின் உரிமங்களை 2028-க்குள் முடித்துவிடப்போவதாகப் பார்சிலோனா நகரம் 2024-இல் அறிவித்தது. ஊரார் குடியிருக்க வீடின்றித் தவித்தபின் வந்த ஞானம் இது. அவர்கள் பட்டுத் தெரிந்ததை நாம் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாதா?

நம் வீட்டுக் குற்றம்

அரசை மட்டும் சாடிவிட்டு அமர்வது எளிது. நம்மையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் விடுமுறையில் வரும் நம் பிள்ளைகள், “துபாயைப் பாருங்கள், எப்படி மின்னுகிறது! இங்கே கடற்கரை முழுவதும் மீன் நாற்றம்!” என்று மூக்கைப் பொத்துகிறார்கள். நாமும் தலையாட்டுகிறோம். அம்மின்னும் கடற்கரையைக் கட்டிய தொழிலாளர் எங்கே உறங்குகிறார்கள்? நகருக்கு வெளியே, தொழிலாளர் முகாம்களில். அவர்களுள் நம் தெருப் பிள்ளைகளும் உண்டு. தான் கட்டிய கரையில் தான் நிற்க முடியாத வேதனையை அறிந்த குடும்பங்கள், தன் கரையிலேயே நிற்க முடியாத மீனவனின் வேதனையை அறியாதிருக்கலாமா?

நாம் கேட்பவை மிகுதியல்ல. மீனவரின் இசைவின்றி ஒரு குப்பமும் பெயர்க்கப்படக் கூடாது. படகு நிறுத்தவும், வலை உலர்த்தவும், மீன் விற்கவும் உரிய இடங்கள் கடலோரத் திட்ட வரைபடங்களில் முதலில் குறிக்கப்பட வேண்டும். மிஞ்சிய இடத்தில் குடையும் இருக்கையும் நடட்டும். சுற்றுலாவால் கரையில் உண்டாகும் கடையும் வேலையும் கரையில் வாழ்வோருக்கே முதலில் கிடைக்க வேண்டும். சேப்பாக்கத்தின் கதையையும் குப்பத்தின் கதையையும் வருவோருக்கு ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

நம் வண்டியூருக்கும் இதையே சொல்கிறோம். கண்மாய்க் கரை அழகு பெறட்டும். உலகத்தார் வந்து பார்க்கட்டும். ஆனால் அந்நாளில் தெப்பக்குளத்துப் பருத்திப்பால்காரர் அதே இடத்தில் இருக்க வேண்டும். கண்மாயில் மீன் பிடிப்பவர் கையில் வலை இருக்க வேண்டும். இப்னு பதூதாவைப் போல ஒரு பயணி நாளை மீண்டும் வரக்கூடும். அவர் நம் மின்விளக்குகளை எண்ணிக்கொண்டிருக்க மாட்டார். “இங்கே முன்பு இருந்தவர்கள் எங்கே?” என்றுதான் கேட்பார். அவருக்கு விடை சொல்ல வேண்டியவர்கள் நாமே. அவருக்குமுன், அண்டை வீட்டாரைப் பற்றி நம்மைக் கேட்கவிருக்கும் இறைவனுக்கும் விடை சொல்ல வேண்டியவர்கள் நாமே.