தையல் இல்லேன்னா தொல்லை இல்லையா?

என் நாத்தனாருக்கு மூளை ரத்தக்குழாயில் வீக்கம் வெடித்து, தொடை வழியாகக் குழாய் விட்டு, பிளாட்டினம் சுருள் வைத்து அடைத்தார்கள். 'மண்டையில் தையலே இல்லை. ஸ்கேனுக்கு எதுக்கு வீண் செலவு?' என்கிறார் இப்போது.

சுருள் நல்ல வைத்தியம்தான். 2002ல் வெளியான, 2,143 பேரிடம் நடந்த ஆய்வில், ஓராண்டுக்குள் இறந்தவர்களும், பிறர் துணையின்றி வாழ முடியாதவர்களும், மண்டையைத் திறந்து கிளிப் போட்டவர்களில் சுமார் 31 சதவீதம். சுருள் வைத்தவர்களில் 24 சதவீதம்தான். ஆனால், மறுபடி சிகிச்சை தேவைப்பட்டது சுருள் வைத்தவர்களுக்கே அதிகம். ரத்த ஓட்டத்தின் வேகத்தில் சுருள் அமுங்கி, வீக்கம் திரும்பத் தலைகாட்டலாம். வலிக்காது, படம் எடுத்தால்தான் தெரியும்.

இந்த வீக்கம் பெண்களுக்கே அதிகம். டாக்டர் சொன்ன தேதியைக் காலண்டரில் குறித்து, மளிகைப் பணத்தோடு ஸ்கேனுக்கும் எடுத்து வையுங்கள், தோழிகளே!

- ஒரு வாசகி, கரூர்.