ட்ரிப் இல்லாத வயல்

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் இலங்கை முழுவதும் கறண்ட் போனது. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று மின்மாற்றியில் பட்டதே காரணம் என்றார் அமைச்சர். பிறகு நுரைச்சோலை அனல்மின் நிலையமும் நின்றுவிட, திங்களும் செவ்வாயும் ஒன்றரை மணித்தியால மின்வெட்டு. முகநூலில் குரங்குப் பகிடிகள் ஓயவேயில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. மின்வலையமைப்புக்கு என்ன ஆனது என்று எல்லோரும் பேசினார்கள். அந்தக் குரங்கின் உடம்புக்கு என்ன ஆகியிருக்கும் என்று கேட்க ஆளில்லை.

நம் உடம்பைப் பற்றியும் அதே அலட்சியம்தான். எனக்குப் பேனாமூடியோடு ஒரு பகை உண்டு. இரண்டு பின் சார்ஜரை ஏற்ற, பிளக் பொயின்ற்றின் மேல் துளையில் பேனாமூடியால் குத்தி, கீழ்த் துளைகளைத் திறக்கிறார்களே, அந்த வித்தை. வீட்டுக்காரர் குத்துகிறார், கடைக்காரர் குத்துகிறார், படித்த வாத்தியாரும் குத்துகிறார். அந்தக் கீழ்த் துளைகளுக்குப் பாதுகாப்பு மூடி வைத்ததே குழந்தை கம்பியை விடாதிருக்கத்தான். போன மாதம் ஒரு கலியாண வீட்டில் பார்த்தேன். பிளக்கே இல்லை, உரித்த வயர் இரண்டைத் துளையில் விட்டுத் தீக்குச்சியால் இறுக்கியிருந்தார்கள். பக்கத்தில் நனைந்த சாக்கு. சொன்னால், 'உதெல்லாம் ஒண்டும் செய்யாது அண்ணை' என்கிறார்கள்.

ஏன் இந்தப் பயமின்மை என்பதற்கு எனக்கு ஒரு காரணம் தோன்றுகிறது. வடக்கே வன்னியில், ஓமந்தைக்கு அங்கால, தொண்ணூறுகளின் தொடக்கத்திலிருந்து போர் முடிந்து சில ஆண்டுகள் வரை பெரும்பாலான ஊர்களுக்குக் கறண்ட் இல்லை. ஜாம்போத்தல் விளக்கில் படித்தோம். பற்றறிக்கும் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டோம். அந்த டைனமோ 6 வோல்ற். வயரை நாக்கில் வைத்தாலும் கூச்சத்தோடு சரி. பிறகு 230 வோல்ற் வந்தது. வயரைத் தொடும் பழக்கம் மட்டும் பழையதாகவே இருந்துவிட்டது.

ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு பெரியவர் சொன்னார்: 'கறண்ட் ஆளை இழுத்துப் பிடிச்சிடும் தம்பி, விடாது.' பாதிதான் சரி. கறண்ட் பிடிப்பதில்லை, பிடிப்பது நம்முடைய கைதான். விரலை மடக்கும் தசை விரிக்கும் தசையைவிடப் பலமானது. செக்கனுக்கு 50 சுற்று வரும் மின்சாரம் இரண்டையும் ஒன்றாக முறுக்கும்போது மடக்கும் தசை வென்றுவிடும். கலிபோர்னியாவின் பேர்க்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்ள்ஸ் டால்சியல் இதை அளந்தே பார்த்தார். தொண்டர்கள் கையில் கம்பியைக் கொடுத்துக் கறண்டை மெல்ல மெல்லக் கூட்டினார். ஆண்களால் சராசரியாக 16 மில்லி அம்பியர் வரை, பெண்களால் 10½ வரை கையை விடுவிக்க முடிந்தது. ஒரு 9 வாட் பல்ப்புக்கே 40 வேண்டும். நெஞ்சினூடாக 100 போனால் இதயம் துடிப்பதை விட்டு நடுங்கத் தொடங்கிவிடலாம். கசியும் கறண்ட் 30ஐத் தொட்டதும் ட்ரிப் சுவிச்சை விழ வைத்திருப்பது அதனால்தான்.

இனி வயலுக்கு வருகிறேன். பயிரைத் தின்ன வரும் பன்றிக்கென்று மீற்றருக்கும் ட்ரிப்புக்கும் வெளியே, லைனில் நேரே கொழுவி இழுத்த கம்பி. இரவு, சேறு, வெறுங்கால். காய்ந்த தோல் பல்லாயிரம் ஓம் தடை தரும். நனைந்த உடம்பு ஆயிரம் ஓம் தந்தாலே பெரிய விஷயம். 230ஐ ஆயிரத்தால் பிரியுங்கள்: 0.23 அம்பியர், அதாவது 230 மில்லி அம்பியர். பன்றிக்கு மட்டும் பாயும் கறண்ட் இல்லை. தண்ணி மாறப் போனவரும் செத்திருக்கிறார், யானையும் செத்திருக்கிறது.

தப்பியவரைப் பார்த்தால் உள்ளங்கையில் ஒரு பொட்டு, பாதத்தில் ஒரு பொட்டு, அவ்வளவுதான் தெரியும். இடையில், எலும்பை ஒட்டிய தசை வெந்திருக்கக்கூடும். அந்தத் தசைக் கழிவு இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும்; சிறுநீர் பிளேன்ரீ நிறத்தில் போகும். நாளங்கள் அடைபட்டு, நல்லாயிருந்த கையைச் சில நாள் கழித்து எடுக்க வேண்டியும் வரலாம். 'அடிச்சது, விட்டிட்டுது' என்று வீட்டில் படுப்பவரை நான் திட்டுவது இதற்காகத்தான். ஆஸ்பத்திரிக்குப் போய் ஈசிஜி எடுங்கள். ஒட்டிக்கொண்டிருப்பவரை இழுக்க முன் மெயினை நிறுத்துங்கள். ஆனால் லைனில் கொழுவிய கம்பிக்கு மெயின் எங்கே?

யானை வேலியில் ஆயிரக்கணக்கான வோல்ற் ஓடியும் ஆள் சாவதில்லையே என்று கேட்பார்கள். அந்த வேலிக்குக் கறண்ட் கொடுக்கும் பெட்டி செக்கனுக்கு ஒருமுறை, கண்ணிமைப்பதற்கும் மிகக் குறைந்த நேரமே அடிக்கும். மீதி நேரமெல்லாம் தசைக்கு ஓய்வு, கையை எடுத்துவிடலாம். 12 வோல்ற் பற்றறியும் ஒரு சோலார் தகடும் போதும். இதை ஒட்டுசுட்டான் பெரியவரிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

'நல்லதுதான் தம்பி. பன்றி பற்றறியைத் தூக்காது. ஆக்கள் தூக்குவினம். அதுக்கு என்ன வேலி போடுறது?'