புறக்கணிப்பு மறுப்பாகாது

வளர்ந்த மனிதனின் மூளையில் புதிய நரம்புச் செல்கள் பிறப்பதில்லை, அழிந்தவை அழிந்தவையே. கடந்த நூற்றாண்டின் பெரும்பகுதியில் மருத்துவ மாணவர்களுக்கு இவ்வாறே கற்பிக்கப்பட்டது. 1906-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற ஸ்பெயின் நாட்டு அறிஞர் ரமோன் இ கஹாலின் கருத்தும் இதுவாகவே இருந்தது. அத்துணைப் பெரியவர் சொன்னபின் அதை மீண்டும் சோதித்துப் பார்க்க எவருக்குத் துணிவு வரும்?

ஜோசப் ஆல்ட்மேன் என்பவருக்கு வந்தது. 1925-இல் புடாபெஸ்ட் நகரில் யூதராகப் பிறந்து, நாஜிகளின் கொடுமையிலிருந்து உயிர் தப்பி, பின்னர் அமெரிக்காவில் ஆய்வாளரானவர் அவர். ஒரு செல் பிரிவதற்கு முன் தன் டிஎன்ஏவைப் படியெடுத்துக்கொள்ளும். அதற்குத் தைமிடின் என்னும் பொருள் தேவைப்படும். கதிரியக்கமுள்ள தைமிடினை எலிகளுக்குச் செலுத்திய ஆல்ட்மேன், பின்னர் அவற்றின் மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டி, அவற்றின்மேல் புகைப்படப் பூச்சைத் தடவி ஆராய்ந்தார். புதிதாகப் பிறந்த செல்கள் கரும்புள்ளிகளால் தம்மைக் காட்டிக்கொடுத்தன. 1962-இல் இதனை ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார். 1965-இல் கோபால் தாஸ் என்பவருடன் இணைந்து, நினைவாற்றலுக்கு இன்றியமையாத ஹிப்போகேம்பஸ் பகுதியிலும் இவ்வாறு நிகழ்வதை எடுத்துரைத்தார்.

அறிவுலகம் அவருடைய சான்றுகளைப் பொய்யென்று நிறுவவில்லை. பெரும்பாலும் அவற்றைப் பேசாமலே கடந்து சென்றது. 1968-இல் ஆல்ட்மேன் பர்டூ பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். பிற்காலத்தில் தம் மனைவி ஷர்லி பேயருடன் சேர்ந்து மூளை வளர்ச்சியைப் பற்றிப் பல பெருநூல்களைப் படைத்தார். 1980-களில் பாடும் கேனரிப் பறவைகளின் மூளையில் ஃபெர்னாண்டோ நாட்டபாம் புதிய நரம்புச் செல்களைக் கண்டார். 1998-இல் பீட்டர் எரிக்சன், ஃப்ரெட் கேஜ் ஆகியோரின் குழு மனித மூளையிலும் அதற்குச் சான்று கிடைத்ததாக அறிவித்தது. ஆல்ட்மேனுக்கு ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் இளவரசர் விருது கிடைத்தபோது ஆண்டு 2011. அவருக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நமக்கு வசதியாக இருந்திருக்கும். ஆனால் அவ்விருதை அவருடன் பகிர்ந்துகொண்டவர்களுள் ஒருவரான அல்வாரெஸ்-புய்யாவின் குழுவே 2018-இல், வளர்ந்த மனிதரின் ஹிப்போகேம்பஸில் புதிய நரம்புச் செல்களைக் காண முடியவில்லை என்று எழுதியது. அடுத்த மாதமே வேறொரு குழு, முதியோரிடத்திலும் அவை உள்ளன என்றது. எலிகளைப் பொறுத்தவரை ஐயமில்லை. மனிதரைப் பொறுத்தவரை வாதம் தொடர்ந்தது.

இந்த இரண்டாம் பகுதியை நாம் மறந்துவிடுகிறோம் என்பதே என் கவலை. “இன்னதை ஓதினால், இன்னதை உண்டால் மூளைச் செல்கள் பெருகும் என்று விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது” என்னும் செய்திகள் நம் குடும்பக் குழுக்களில் நாள்தோறும் வலம் வருகின்றன. அறிஞர்களே வாதிட்டுக்கொண்டிருக்கும் ஒன்றின்மீது மார்க்கத்தின் சிறப்பை ஏற்றி வைக்கலாமா? நாளை அந்த ஆய்வு திருத்தப்பட்டால், அதை நம்பி வளர்ந்த நம் பிள்ளையின் உள்ளத்தில் எது ஆட்டம் காணும்? குர்ஆனை ஓதுவதன் சிறப்புக்கு எலியின் மூளை சாட்சி சொல்ல வேண்டியதில்லை.

ஆராயாமல் ஒதுக்குவதும், ஆராயாமல் பரப்புவதும் ஒரே நோயின் இரு முகங்கள். செய்தி வந்தால் தீர விசாரித்துக்கொள்ளுமாறு சூரா அல்-ஹுஜுராத் நமக்குக் கட்டளையிடுகிறது. இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் தம்மிடம் கேட்கப்பட்ட பல கேள்விகளுக்கு “எனக்குத் தெரியாது” என்றே விடையளித்தார்கள் என்பதை மதரஸாக்களில் பெருமையோடு சொல்லிக்கொடுக்கிறோம். ஆனால் வீட்டிலோ வகுப்பிலோ பிள்ளை ஒன்றைக் கேட்டால், “பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள், பேசாமல் இரு” என்று வாயடைத்து விடுகிறோம்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை கேட்கும் கேள்விக்கு விடை தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். பின்னர் அவனோடு அமர்ந்து தேடுங்கள். கைபேசிக்கு வரும் செய்தி நமக்குப் பிடித்தமானதாக இருந்தால், அதை இருமடங்கு கவனத்துடன் விசாரியுங்கள். நம் மார்க்கத்துக்கு அதனால் இழப்பேதும் இல்லை.

வல்லாஹு அஃலம்.