கசியாத கசிவு

2019 செப்டம்பர் இறுதியில் அந்தமானின் ஷஹீத் தீவிலிருந்து (முன்பு நீல் தீவு) இருவருடன் கிளம்பிய ஒரு படகு, ஏறத்தாழ நான்கு வாரம் வங்கக் கடலில் அலைந்துவிட்டு ஒடிசாவின் புரி மாவட்டக் கரையில் ஒதுங்கியது. அப்போது படகில் உயிரோடு இருந்தவர் ஒருவர்தான். அந்தப் படகைப் புயல் அடித்துப் போட்டது. எரிபொருளும் தீர்ந்தது. ஆனால் கடலில் திசை கெட்டு அலைய எப்போதும் புயல் தேவையில்லை. எஞ்சின் நின்றால் போதும். அதை நிறுத்த ஒரு ஹோஸ் கிளிப் போதும்.

பெட்ரோல் டேங்கிலிருந்து அவுட்போர்டு எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாயை இறுக்கிப் பிடிக்கும் சின்ன வளையம் அது. பழைய அவுட்போர்டுகளைத் தேடிப்பிடித்துப் புதுப்பிப்பது அமெரிக்காவில் ஒரு பொழுதுபோக்கு; அதற்கென்று சங்கமே உண்டு. தீவுவாசிக்கு அது பொழுதுபோக்கல்ல. சென்னையிலிருந்து கப்பலில் சரக்கு வந்து சேர மூன்று நாளாகும். எவின்ரூட் எஞ்சின்களின் உற்பத்தியும் 2020-இல் நின்றுவிட்டது. கையில் இருக்கும் பழைய எஞ்சினையும் டேங்கையும் ஓட வைப்பதே வழி.

அப்படிப் புதுப்பிப்பவர்கள் கார்புரேட்டருக்குக் காட்டும் அக்கறையில் கால்வாசியைக்கூட கிளிப்புக்குக் காட்டுவதில்லை. பெட்ரோல் சொட்டவில்லையா, அப்படியானால் சரி என்று விட்டுவிடுகிறார்கள். வினையே அங்குதான்.

இதைப் புரிந்துகொள்ள டேங்குகளில் இரண்டு ஜாதி உண்டு என்பது தெரிய வேண்டும். 1949-இல் ஜான்சன் கம்பெனி தன் 10 குதிரைத்திறன் எஞ்சினோடு தனி டேங்கைக் கொண்டுவந்தது. அதில் இரட்டைக் குழாய். எஞ்சினே ஒரு குழாய் வழியாக டேங்குக்குள் காற்றை அழுத்தும்; அந்த அழுத்தம் பெட்ரோலை மறு குழாயில் தள்ளும். இதில் கிளிப் தளர்ந்தால் பெட்ரோல் பீய்ச்சியடிக்கும், சூடான எஞ்சின் மீதே. ஆபத்துதான், ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஆபத்து. (இந்த வகை டேங்கில் மூடியைத் திறந்து அழுத்தத்தை வெளியேற்றாமல் குழாயைக் கழற்றக் கூடாது.)

அறுபதுகளுக்குப் பின் வந்தவற்றில் ஒற்றைக் குழாய்தான். எஞ்சினிலுள்ள பம்ப் பெட்ரோலை உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சும் குழாயில் ஓட்டை விழுந்தால் பெட்ரோல் வெளியே வராது. காற்று உள்ளே போகும். இளநீரில் போட்ட ஸ்டிராவில் கீறல் விழுந்தது போலத்தான். ஒரு சொட்டு கசியாது, வாசனையும் வராது. எஞ்சின் மட்டும் வேகமெடுக்கும்போது திக்கும், இருமும், கடைசியில் அணையும்.

நிற்பதோடு போனால் பரவாயில்லை. டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு மசகு எண்ணெய் பெட்ரோலில் கலந்துதான் வருகிறது. பெட்ரோல் குறைந்து காற்று கூடினால் எரிதல் அதிகச் சூடாகும், அதே நேரத்தில் எண்ணெயும் குறையும். முடிவு, பிஸ்டன் ஜாம். தீவில் அதற்கு மாற்று பிஸ்டன் கிடைப்பதற்குள் ஒரு மீன்பிடிக் காலமே போய்விடலாம்.

கிளிப்பில் வேறு என்ன தவறு நடக்கிறது? கட்டுக்கம்பியை முறுக்கிக் கட்டுவது முதலாவது. கம்பி ரப்பரை ஒரு கோட்டில் மட்டும் அழுத்தும். முறுக்கின் அடியில் இடைவெளி விடும். கார் ரேடியேட்டருக்கான பெரிய கிளிப்பைக் கடைசி வரை இறுக்கிப் போடுவது இரண்டாவது. அது வட்டமாக நிற்காது, முட்டை வடிவமாகும். குழாயின் வெளிவிட்டத்தை அளந்து, அது கிளிப்பின் அளவு வரம்பில் நடுவில் விழும்படி வாங்க வேண்டும்.

மெக்கானிக்குகள் ஜூப்ளி கிளிப் என்று சொல்லும் திருகு கிளிப்புக்கு 1921-இல் காப்புரிமை பெற்றவர் பிரிட்டிஷ் கடற்படையின் லம்லி ராபின்சன். கடல்காரர் கண்டுபிடித்தது கடலுக்கே பொருந்தாமல் போகும் வேடிக்கையும் உண்டு. பட்டையில் வெட்டுத்துளைகள் உள்ள மலிவு ரகத்தை அதிகம் இறுக்கினால், மெல்லிய பெட்ரோல் குழாயின் ரப்பர் துளை வழியே பிதுங்கி வெட்டுப்படும். உட்பக்கம் வழவழப்பான பட்டையே நல்லது. ‘ஸ்டெயின்லெஸ்’ என்ற முத்திரையை நம்புவதைவிட ஒரு காந்தத்தை நம்பலாம். பட்டை ஒட்டாமல் திருகு மட்டும் வலுவாக ஒட்டினால், உப்புக்காற்றில் முதலில் துருப்பிடிக்கப் போவது திருகுதான். இடுக்கியால் நசுக்கிப் பொருத்தும் ‘காது’ கிளிப் சுற்றிலும் சீராக இறுக்கும், ஆனால் ஒரு முறைதான் பயன்படும்.

குழாய் ஏறும் பித்தளை நிப்பிளிலும் கவனம் வேண்டும். பச்சைக் களிம்பைப் புளி போட்டுத் தேய்த்து எடுக்கலாம், குத்துவிளக்குக்குச் செய்வதுதான். உப்புத்தாளால் நீளவாக்கில் தேய்த்தால் மட்டும் ஒவ்வொரு கீறலும் காற்றுக்கு ஒரு வாய்க்கால். குழாயின் முனையை பிளேடால் நேராக வெட்டி, துளி டூ ஸ்ட்ரோக் ஆயில் தடவி, நிப்பிளின் அடிவரை ஏற்ற வேண்டும். கிளிப் நிப்பிளின் மேடான வளையத்தைத் தாண்டி, குழாய் முனையிலிருந்து சுமார் 6 மில்லிமீட்டர் உள்ளே அமர வேண்டும். பாதுகாப்புக்காக இரண்டு கிளிப் போடுவது நீளமான நிப்பிளில்தான் சரி. குட்டை நிப்பிளில் இரண்டாவது கிளிப் வெறும் ரப்பரைத்தான் நெரிக்கும். சிலிக்கான் பசை தடவுவது அறவே கூடாது. பெட்ரோலில் அது இளகி, துணுக்குகளாகப் போய் கார்புரேட்டரை அடைக்கும். ரப்பர் இறுகி அமர்ந்துகொள்ளும் என்பதால் சில மணி நேரம் ஓட்டிய பின் திருகை மறுபடி ஒரு சுற்று பார்க்க வேண்டும்.

டேங்கின் துருவை, உள்ளே நட்டுகளைப் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். ஓட்டை இருந்தால் வெல்டிங் பட்டறைக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போவதுதான் உயிருக்கு உலை. காலி டேங்கில் நிற்கும் பெட்ரோல் ஆவி, நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது.

குழாயைப் பொறுத்தவரை தீவுக்கு ஒரு தனிச் சேதி. எத்தனால் கலந்த பெட்ரோல் திட்டம் 2019 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதற்கும் விரிவானபோது, அந்தமான் நிகோபாரும் லட்சத்தீவும் விலக்கப்பட்டன. மற்ற இடங்களில் 2023 முதல் 20 சதவீத எத்தனால் வந்துவிட்டது. அது பழைய ரப்பரை ஊத வைக்கும், ஈரத்தையும் இழுக்கும். ஊதிய ரப்பர் மீது போட்ட கிளிப், ரப்பர் உலர்ந்து சுருங்கியதும் தளரும். தமிழ்நாட்டில் பழைய எஞ்சினைப் புதுப்பிப்பவர்களுக்கு இது இன்றைய பிரச்சினை. தீவுக்காரரும் புதுக் குழாய் வாங்கும்போது எத்தனால் தாங்கும் ரகத்தையே வாங்குவது புத்திசாலித்தனம். ஐ.எஸ்.ஓ. 7840 என்று அச்சிட்ட குழாய் தீயிலும் இரண்டரை நிமிடம் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது விதி. நடுக்கடலில் இரண்டரை நிமிடம் நீண்ட நேரம்.

கசியாத கசிவைக் கண்டுபிடிக்கக் கருவி ஏதும் வேண்டாம். ஒற்றைக் குழாய் எஞ்சினில் பிரைமர் பல்ப் இருக்கிறது. டேங்க் பக்க முனையை விரலால் அடைத்துக்கொண்டு, பல்ப் தட்டையாகும் வரை அமுக்கி விடவேண்டும். தட்டையாகவே கிடந்தால் அந்தப் பக்கம் காற்று புகவில்லை. மெல்ல உப்பி எழுந்தால் எங்கோ வழியிருக்கிறது. கடலில் எஞ்சின் திக்கும்போது பல்பை அமுக்கிக்கொண்டே இருந்தால் எஞ்சின் தெளிவாக ஓடுகிறதென்றால், பெரும்பாலும் காற்றோ அடைப்போ பம்போதான் குற்றவாளி. முதலில் பார்க்க வேண்டியவை கிளிப்புகள். சரியான அளவில் இரண்டு மாற்றுக் கிளிப்பும் ஒரு ஸ்குரூ டிரைவரும், மூடி இறுகிய டப்பாவில், படகிலேயே கிடக்கட்டும்.