போனஸ் வேண்டாம், தள்ளுபடி கொடு!

'போனஸ்' என்ற சொல்லுக்கு உழைப்பாளி மக்களிடையே ஒரு சரித்திரம் உண்டு. முதலாளி மனமிரங்கிப் போடும் பிச்சையல்ல அது, கொடுபடாத கூலியின் பாக்கி என்று ஆலை வாசல்களில் போராடி, 1965-ல் அதைச் சட்டமாக்க வைத்தது தொழிலாளி வர்க்கம். பின்னர் ஒரு மாதச் சம்பளம், அதாவது 8.33 சதவீதம், குறைந்தபட்ச போனஸ் ஆயிற்று. அந்தச் சொல்லைத்தான் செல்போன் விளையாட்டுக் கம்பெனிகள் இன்று களவாடி விளம்பரப் பலகையில் மாட்டியிருக்கின்றன.

கள்ளக்குறிச்சியிலும் சின்னசேலத்திலும், மலைமேல் வெள்ளிமலையிலும் வாலிபர்கள் அறிந்த ஆட்டம் பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா. தென்கொரியாவின் கிராப்டன் கம்பெனி நடத்துவது. ஆட்டத்துக்குள் உடையோ ஆயுதத்துக்கு அலங்காரமோ வாங்க நமது ரூபாய் செல்லாது. 'யூசி' என்ற கம்பெனி நாணயத்தை முதலில் ரூபாய் கொடுத்து வாங்க வேண்டும். நாம் கண்ட பட்டியல் இது: 60 வாங்கினால் கூடுதல் ஒன்றுமில்லை. 300-க்கு 25 போனஸ். 600-க்கு 60. 1,500-க்கு 300. 6,000-க்கு 2,100.

300-க்கு 25 என்பது எத்தனை சதவீதம்? அதே 8.33! தற்செயல்தான், ஆனால் அதைவிடக் குத்தலான கேலி வேறு இருக்க முடியாது. ஒன்று தொழிலாளியின் கைக்கு வரும் ரூபாய். மற்றது ரூபாயை வாங்கிக்கொண்டு திருப்பித் தரும் வெறும் எண். சில்லறைக்கு வாங்கும் ஏழைப் பையனுக்குப் பூஜ்யம், மொத்தமாகக் கொட்டுகிறவனுக்கு 35 சதவீதம் என்பதையும் கவனியுங்கள்.

"அதிகமாகத்தானே கொடுக்கிறோம், இதில் யாருக்கு நஷ்டம்?" என்பார்கள். கணக்குப் பார்ப்போம். நூறு ரூபாய்க்கு நூறு நாணயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 சதவீதம் தள்ளுபடி என்றால் 80 ரூபாய்க்கு நூறு நாணயம் கிடைக்கும். 20 ரூபாய் பையிலேயே நிற்கும், பஸ்ஸுக்கு ஆகும், கறிகாய்க்கு ஆகும். 20 சதவீதம் போனஸ் என்றால் நூறு ரூபாயும் போய்விடும். 120 நாணயம் வரும். ஒரு நாணயம் முன்னதில் 80 காசு, பின்னதில் 83 காசுக்கு மேல்! நூறு ரூபாயையும் செலவழித்தே தீருவேன் என்கிறவனுக்குக்கூடத் தள்ளுபடியில் 125 நாணயம் கிடைக்கும். அப்படியானால் 20 சதவீதத் தள்ளுபடிக்கு ஈடாக 25 சதவீத போனஸ் தர வேண்டும். பாதி விலைக்கு ஈடாக நூற்றுக்கு நூறு தர வேண்டும். இரண்டும் ஒன்றுதான் என்று நம்பவைப்பது பச்சைப் பித்தலாட்டம்.

கம்பெனிக்கு ஏன் போனஸ்மீது இவ்வளவு காதல்? தள்ளுபடி அதன் கல்லாவைக் குறைக்கும். போனஸ் நாணயத்தை அச்சடிக்கக் காகிதம்கூட வேண்டாம்!

பணம் வைத்து ஆடும் கம்பெனிகள் இதில் இன்னும் ஒரு படி மேலே போயின. 2023 அக்டோபர் 1 முதல் கட்டும் தொகை முழுவதற்கும் 28 சதவீதம் ஜிஎஸ்டி வந்தது. நூறு ரூபாய் கட்டினால் 21.88 ரூபாய் வரிக்குப் போயிற்று. "கவலை வேண்டாம், அதை நாங்களே தருகிறோம்" என்று பெரிய கம்பெனிகள் வள்ளல் வேஷம் போட்டன. எப்படித் தந்தன? போனஸாக! அது ஆடித் தீர்க்க மட்டுமே. வங்கிக்கு எடுத்துப் போக முடியாது. 2025 ஆகஸ்டில் மத்திய சர்க்கார் சட்டம் கொண்டுவந்த பிறகே அந்தக் கடைகள் மூடின. யூசி போன்ற நாணயக் கடைகளோ திறந்தே இருக்கின்றன.

கல்வராயன் மலை விவசாயிக்கு இந்த வித்தையை நாம் விளக்க வேண்டியதில்லை. மரவள்ளிக் கிழங்கை அவர் ஜவ்வரிசி ஆலைக்குக் கொண்டுபோனால், மாவுச்சத்தைச் சோதித்து ஒரு 'பாயிண்ட்'டுக்கு இவ்வளவு என்று விலை போடுகிறார்கள். பாயிண்டை அளக்கும் கருவி யாரிடம்? ஆலைக்காரரிடம். பாயிண்ட் குறைந்தால் மூட்டைக்கு விலையும் குறையும். அளவுகோலை வைத்திருப்பவன் கையில்தான் விலை என்பது அவருக்கு அனுபவப் பாடம். அவர் மகனிடம் இன்று வேறொரு கம்பெனி வேறொரு பாயிண்டை நீட்டுகிறது. ஜாகீர்தார்களின் பிடியில் தலைமுறைகளைக் கழித்த மலை இது. அதன் மக்களின் வாழ்நிலையை 2024-ல் சென்னை உயர்நீதிமன்றமே தானாக முன்வந்து வழக்காக எடுக்க வேண்டியிருந்தது. அங்கும் நாணயக் கடை மட்டும் போய்ச் சேர்ந்துவிட்டது!

விளையாட்டை நாம் குறை சொல்லவில்லை. உழைத்துக் களைத்த வாலிபன் விளையாடட்டும். விலையை ரூபாயில் சொல் என்பதுதான் நமது கேள்வி. கூலியைக் கம்பெனி டோக்கனில் கொடுக்காதே என்று இங்கிலாந்தில் 1831-லேயே சட்டம் போட்டார்கள். விளையாட்டுப் பொருளின் விலையை நிஜப் பணத்திலும் காட்ட வேண்டும், தேவைக்கு மேல் நாணயம் வாங்கவைக்கும் பொதிகள் கூடாது என்று 2025 மார்ச்சில் ஐரோப்பிய அதிகாரிகள் நெறிமுறை வகுத்தனர். முதலாளித்துவ நாடுகளே இதைச் சொல்லும்போது டில்லிக்கு என்ன தயக்கம்?

2023 நவம்பரில் டில்லியின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், இணையக் கடைகளின் 13 வகை ஏமாற்றுகளைப் பட்டியலிட்டது. அதில் நாணயப் பொதியும் போனஸும் தனி வகையாக இல்லை. 14-ஆவதாக அதைச் சேர்க்கட்டும். ஒவ்வொரு பொருளுக்கும் ரூபாய் விலை போடச் சொல்லட்டும். சலுகை தருவதானால் விலையில் குறைக்கட்டும், செலவாகாத நாணயத்தை ரூபாயாகத் திருப்பித் தரட்டும்.